ஆஷ்விட்ஸ்-பிர்கெனாவ் நினைவிடம் போகிறவர்களுக்கு: முழுமையான வழிகாட்டி

இரண்டாம் உலகப்போரின்போது நாஜி ஜெர்மனி யூதர்களையும் மற்றவர்களையும் அடைத்துவைத்துக் கொன்ற முகாம்கள்தான் இன்று நினைவிடமாக இருக்கின்றன. போலந்தில் இருக்கும் இந்த நினைவிடத்துக்கு ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் கூட்டிப்போகிற வேலை எனக்கு அடிக்கடி வாய்க்கிறது. புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றில் பெரியது இது: முதல் முகாமிலேயே காலும் மனசும் ஓய்ந்துபோய், இரண்டாவது முகாமை அவசரமாக எட்டிப் பார்த்துவிட்டுப் பேருந்துக்கு ஓடுவது. கொல்லப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் உயிரிழந்தது அந்த இரண்டாவது முகாமில்தான். அதனால் கீழே உள்ள ஒவ்வொரு படியும் அங்கே செலவிட நேரமும் தெம்பும் மிச்சம் வைக்கிற மாதிரி அமைந்திருக்கிறது.

1. இரண்டு முகாம்கள் என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்

ஆஷ்விட்ஸ் ஒன்று என்பது செங்கல் கட்டடங்கள் நிறைந்த, பழைய போலந்து ராணுவக் குடியிருப்பு. 1940 ஜூன் 14 அன்று 728 போலந்து அரசியல் கைதிகளோடு அது முகாமாகச் செயல்படத் தொடங்கியது. ஆஷ்விட்ஸ் இரண்டு எனப்படும் பிர்கெனாவ் அங்கிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 1941 அக்டோபரில் அதைக் கட்ட ஆரம்பித்தார்கள். முதல் முகாம் 20 ஹெக்டேர் என்றால், பிர்கெனாவ் சுமார் 170 ஹெக்டேர்.

இரண்டுக்கும் இடையே இலவசப் பேருந்து ஓடுகிறது. சீட்டு எடுப்பது, சாப்பாடு, செருப்பு எல்லாமே இந்தப் பரப்பளவைப் பொறுத்துத்தான் முடிவாகின்றன. ஒரு கட்டடத்துக்குள் இருக்கும் அருங்காட்சியகம் என்று நினைத்து வருகிறவர்கள்தான் நடுவழியில் திணறுகிறார்கள்.

2. சீட்டை முன்கூட்டியே எடுங்கள். பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதுங்கள்

உள்ளே போக அனுமதி இலவசம். வழிகாட்டியோடு போனால் வழிகாட்டிக்குக் கட்டணம். எதுவானாலும் அருங்காட்சியகத்தின் சொந்த இணையதளத்தில் நாளும் நேரமும் குறிப்பிட்டுப் பதிவு செய்ய வேண்டும். கோடை மாதங்களில் நல்ல நேரங்கள் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே இதைப் பாருங்கள். வாசலில் போய் நின்றால் கிடைக்கும் என்று நம்பி வந்து, சுற்றுச்சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் உண்டு.

சீட்டில் பெயர் அச்சாகும்; வாசலில் அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நம்மவர்களுக்குச் சிக்கல் வருவது இங்கேதான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்திருக்கும். பதிவில் வெறும் இனிஷியல் போட்டிருப்பார்கள். பாஸ்போர்ட்டை எதிரே வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து அப்படியே அடியுங்கள்.

இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். ஜனவரி 1, டிசம்பர் 25, ஈஸ்டர் ஞாயிறு ஆகிய நாட்களில் நினைவிடம் மூடியிருக்கும். டிசம்பரில் மதியத்தோடு நுழைவு முடிந்துவிடுவதால், குளிர்காலத்தில் போகிறவர்கள் காலை நேரத்தைத் தவிர வேறெதையும் யோசிக்காதீர்கள்.

3. வழிகாட்டி வேண்டுமா?

முதல் தடவை என்றால் வேண்டும். பொதுச் சுற்று சுமார் மூன்றரை மணி நேரம், இரண்டு முகாம்களும் சேர்த்து. ஆறு மணி நேர விரிவான சுற்றும் உண்டு; கால் வலிமையும் ஆங்கிலமும் கைகொடுத்தால் என் வாக்கு அதற்குத்தான். தமிழில் சுற்று கிடையாது. காதில் ஹெட்ஃபோன் மாட்டிவிடுவார்கள். கூட்டத்தில் பின்னால் நின்றாலும் தெளிவாகக் கேட்கும் என்பதால் முன்னால் போக முண்டியடிக்க வேண்டியதில்லை.

பதிவு செய்யும்போது நேரத்தை மட்டும் பார்த்து மொழியைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். பிறகு போலிஷ் மொழிச் சுற்றில் மாட்டிக்கொண்டு மூன்றரை மணி நேரம் தலையாட்டிக்கொண்டு வரவேண்டியதுதான்.

4. போவதற்கு முன் ஆறு தேதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

வழிகாட்டி பேசுகிற வேகத்தில் வரலாற்றை அங்கேயே புதிதாகக் கற்றுக்கொள்ள முடியாது. சட்டகம் மட்டும் மனதில் இருந்தால் அவர் சொல்வது அதனதன் இடத்தில் போய் உட்காரும்.

1933: ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார், அதே ஆண்டு ஜெர்மனியில் டாகாவ் வதைமுகாம் திறக்கப்பட்டது. 1939 செப்டம்பர் 1: ஜெர்மனி போலந்தைத் தாக்கியது. 1941 ஜூன்: சோவியத் ஒன்றியத்தின் மீது படையெடுப்பு, அதன் பின்னாலேயே யூதர்களை ஊர் ஊராக நிறுத்திவைத்துச் சுடுவது தொடங்கியது. கீவ் நகரின் பாபி யார் பள்ளத்தாக்கில் அந்தச் செப்டம்பர் கடைசியில் இரண்டே நாட்களில் 33,771 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். 1942 ஜனவரி 20: பெர்லின் அருகே வான்ஸே மாநாட்டில், நடந்துகொண்டிருந்த படுகொலையை ஐரோப்பா முழுவதும் எப்படி ஒருங்கிணைப்பது என்று அதிகாரிகள் உட்கார்ந்து பேசினார்கள். 1944 மே முதல் ஜூலை வரை: ஹங்கேரியிலிருந்து 4 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். 1945 ஜனவரி 27: சோவியத் ராணுவமான செஞ்சேனை வந்து சேர்ந்தது, அப்போது உயிரோடு இருந்தவர்கள் சுமார் 7,000 பேர்.

அந்த 7,000 என்ற எண்ணைப் பார்த்து, மற்ற எல்லோரும் முகாமுக்குள்ளேயே இறந்துவிட்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. சேனை வருவதற்குப் பத்து நாள் முன்பு, நடக்கக்கூடிய சுமார் 56,000 கைதிகளைப் பனியில் மேற்கு நோக்கி நடத்திக் கொண்டுபோனார்கள். விழுந்தவர்களை வழியிலேயே சுட்டார்கள்.

இன்னொரு கணக்கும் தேவை. நாஜிகள் கொன்ற யூதர்கள் சுமார் 60 லட்சம். ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டவர்கள் சுமார் 11 லட்சம். அவர்களில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் யூதர்கள், 70,000-க்கு மேல் போலந்துக்காரர்கள், சுமார் 21,000 ரோமா மக்கள் (ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்டவர்கள்), சுமார் 15,000 சோவியத் போர்க்கைதிகள். அதாவது யூதர்களில் ஆறில் ஐந்து பேர் வேறு இடங்களில் இறந்தார்கள். ட்ரெப்ளிங்கா என்ற இன்னொரு முகாமில் 8 லட்சத்துக்கும் மேல் கொன்றார்கள். அங்கே பார்க்கக் கட்டடம் ஒன்றுகூட இல்லை. ஆஷ்விட்ஸில் கட்டடங்கள் நின்றன, உயிர் தப்பியவர்கள் இருந்தார்கள். உலகம் இதை அதிகம் பேசுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

முகாமைப் பின்னணியாக வைத்த நாவல்களும் படங்களும் நிறைய வருகின்றன. அவற்றை மட்டும் நம்பி வராதீர்கள். தப்பித்தவர் ஒருவரின் நேரடிச் சாட்சியம் ஒன்றையாவது படித்துவிட்டோ கேட்டுவிட்டோ வாருங்கள்.

5. யாரைக் கூட்டிப்போவது

14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைக் கூட்டிவர வேண்டாம் என்று நினைவிடமே அறிவுறுத்துகிறது. தடை இல்லை என்பதற்காகக் கூட்டிவருகிறார்கள். பிள்ளை பயந்து அழும், அல்லது சலித்துப்போய் ஓடியாடும். இரண்டிலும் பெற்றோர் ஒன்றையும் கவனிக்க முடியாது. ஒருவர் பக்கத்துப் பெருநகரமான க்ராகோவில் பிள்ளையோடு இருக்க மற்றவர் போய்விட்டு, மறுநாள் மாற்றிக்கொள்வது நல்லது.

மூட்டுவலி உள்ள பெரியவர்கள் வந்தால் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். முதல் முகாமின் மாடிப்படிகள் காலடி பட்டுத் தேய்ந்து நடுவில் குழிந்திருக்கும். பிர்கெனாவில் சரளைக்கல்லும் மேடுபள்ளமும்.

6. பை, உடை, சாப்பாடு

விமான நிலையம் போலச் சோதனை உண்டு. ஏ4 தாள் அளவுக்கு மேல் உள்ள பையை உள்ளே விடமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டு சின்னப் பையோடு வாருங்கள். முதுகுப் பையை அறையிலேயே விட்டுவிடலாம்.

முக்கியமான ஒன்று: ஸ்வஸ்திக் போட்ட டாலர், மோதிரம், தண்ணீர் பாட்டிலில் ஒட்டிய சாமி ஸ்டிக்கர் எதுவும் வேண்டாம். நமக்கு அது மங்களச் சின்னம்தான், இங்கே அது நாஜிகளின் சின்னம். பக்கத்தில் நிற்பவருடைய பாட்டி இங்கே கொல்லப்பட்டிருக்கலாம். அவரிடம் போய் நம் விளக்கத்தைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

பிர்கெனாவில் நிழலே இல்லை. கோடையில் தொப்பியும் தண்ணீரும், குளிரில் காதை மூடும் குல்லாவும் தடித்த காலுறையும். மழைக்குக் குடையைவிடத் தலைமூடி வைத்த மழைக்கோட்டு நல்லது. கூட்டத்தில் குடை மற்றவர் கண்ணைக் குத்தும்.

முகாம் வளாகத்துக்குள் சாப்பிடக் கூடாது. காலையில் க்ராகோவ் தெருவண்டிகளில் விற்கும் வளைய ரொட்டியை, ஒப்வாஜானெக் என்பார்கள், இரண்டு வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு முகாம்களுக்கும் இடைப்பட்ட நேரத்தில் வெளியே நின்று சாப்பிட்டுவிடுங்கள்.

7. க்ராகோவிலிருந்து போவது

பேருந்தில் சுமார் ஒன்றரை மணி நேரம். க்ராகோவ் பிரதான ரயில் நிலையத்தை ஒட்டியே பேருந்து நிலையம் இருக்கிறது. பலகையில் ஆஷ்விட்ஸ் என்று தேடினால் கிடைக்காது. ஊரின் பெயர் ஒஷ்வியெஞ்சிம். ஆஷ்விட்ஸ் என்பது ஜெர்மானியர் வைத்த பெயர். ரயிலிலும் போகலாம், ஆனால் நிலையத்திலிருந்து நினைவிடத்துக்கு இன்னும் சுமார் 2 கிலோமீட்டர் போக வேண்டும். திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தைக் காலையிலேயே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பிர்கெனாவில் நிற்கும்போது கவலை முழுக்கக் கடிகாரத்தில் இருக்கும்.

யாரிடம் பேசினாலும் இதைப் ‘போலந்து முகாம்’ என்று சொல்லாதீர்கள். ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தில் ஜெர்மன் நாஜிகள் நடத்திய முகாம் இது. 2007-இல் யுனெஸ்கோ பட்டியலில் பெயரையே அப்படி மாற்றி எழுதவைத்தார்கள் என்றால் அங்குள்ளவர்களுக்கு அது எவ்வளவு உறுத்துகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

8. முதல் முகாம்: எதில் நிற்பது, எதைக் கடப்பது

நுழைந்ததும் ஒரு கான்கிரீட் பாதை வழியாக நடக்க வைப்பார்கள். கொல்லப்பட்டவர்களின் பெயர்களை ஒரு குரல் வாசித்துக்கொண்டே இருக்கும். ஹெட்ஃபோனை அந்தப் பாதை முடிந்த பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

அடுத்தது வாசல் வளைவு. எல்லோரும் படமெடுக்க முண்டுவது இங்கேதான். அதில் தொங்கும் ‘உழைப்பு விடுதலை தரும்’ என்ற ஜெர்மன் வாசகம் நகல். அசல் இரும்பு எழுத்துகளை 2009 டிசம்பரில் யாரோ திருடி, பிறகு மீட்டார்கள். அதன்பின் திரும்பத் தொங்கவிடவில்லை. ஆகவே வாசலில் நேரம் போக்காதீர்கள். ஹங்கேரியிலிருந்து வந்த பெரும்பாலோர் இந்த வாசலைப் பார்த்ததே இல்லை. அவர்கள் போனது நேராகப் பிர்கெனாவுக்கு.

நிற்க வேண்டியது ஐந்தாம் எண் கட்டடத்தில். 1,10,000-க்கும் மேற்பட்ட காலணிகள், சுமார் 3,800 பெட்டிகள், மூக்குக் கண்ணாடிகள், செயற்கைக் கால்கள், அடுப்படிச் சாமான்கள் என்று நினைவிடத்தின் சேகரிப்பு நீள்கிறது. அதில் ஒரு பகுதி இங்கே கண்ணாடிக்குப் பின்னால். மொத்தக் குவியலைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. ஒரே ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுத்துப் படியுங்கள். வெள்ளைப் பெயின்டில் பெயர், பிறந்த தேதி, ஊர். பெட்டி தொலைந்துவிடக் கூடாதே என்று உரியவரே கொட்டை எழுத்தில் எழுதியது. வேறு ஊரில் குடியமர்த்தப் போகிறோம் என்று சொன்னதை அவர் நம்பினார் என்பதற்கு அந்தப் பெயின்ட் சாட்சி. பாத்திரங்களும் அப்படித்தான். போன இடத்தில் சமைக்கத்தானே எடுத்து வந்தார்கள்?

ஆறாம் கட்டடத்தின் நடையில் கோடுபோட்ட உடையில் மொட்டையடித்த முகங்களின் படங்கள் வரிசையாக இருக்கும். இறந்தவர்கள் எல்லோருடைய முகமும் இங்கே இருக்கிறது என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். படம் எடுத்ததும் எண் கொடுத்ததும் முகாமில் பதிவானவர்களுக்குத்தான். பதிவானவர்கள் சுமார் 4 லட்சம். சுமார் 9 லட்சம் பேர் பதிவே இல்லாமல் நேராக விஷவாயுக் கூடத்துக்குப் போனார்கள். அவர்களுக்கு எண்ணும் இல்லை, கையில் பச்சை குத்தலும் இல்லை, படமும் இல்லை. ஐந்தாம் கட்டடத்தையும் ஆறாம் கட்டடத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு நேராகும்: முகம் மிஞ்சியவர்கள் சிறுபான்மை, செருப்பு மட்டும் மிஞ்சியவர்கள் பெரும்பான்மை.

நான்காம் கட்டடத்தில் பெண்களின் தலைமுடி வைத்த அறையிலும், பதினோராம் கட்டடத்தின் நிலவறையிலும் படமெடுக்கத் தடை. தலைமுடி உடலின் பாகம், அதனால்தான். அந்த நிலவறையில்தான் 1941 செப்டம்பரில் சோவியத் கைதிகள்மீதும் நோயுற்ற போலந்துக் கைதிகள்மீதும் ஸிக்லோன்-பி என்ற விஷவாயுவைச் சோதித்தார்கள். இடம் குறுகல், கூட்டம் நெருக்கும். மூச்சு முட்டும் பழக்கம் உள்ளவர்கள் வெளியே நின்றுகொள்வதில் தவறில்லை.

27-ஆம் கட்டடம் பல பொதுச் சுற்றுகளில் வராது. இஸ்ரேலின் யூதப் படுகொலை நினைவு நிறுவனமான யாத் வஷேம் அமைத்து 2013-இல் திறந்த காட்சி அது. 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களை அச்சிட்ட பிரம்மாண்டமான ஏடு அங்கே இருக்கிறது. நேரம் இருந்தால் கேட்டுப் போய்ப் பாருங்கள்.

கடைசியில் வரும் விஷவாயுக் கூடமும் எரிகூடமும் பற்றி ஒரு விளக்கம் தேவை. கட்டடம் பழையது, அடுப்புகளும் புகைபோக்கியும் போருக்குப் பின் அசல் பாகங்களைக் கொண்டு மீண்டும் பொருத்தப்பட்டவை. நடுவில் 1944-இல் முகாமை நடத்திய நாஜிகளின் எஸ்.எஸ். படை அதை விமானத் தாக்குதல் பதுங்கிடமாக மாற்றியிருந்தது. நினைவிடம் இதை மறைக்கவில்லை. இதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு ‘எல்லாமே செட்டப்’ என்று இணையத்தில் அளப்பவர்களிடம் ஏமாறாமல் இருக்கவே சொல்கிறேன்.

9. பிர்கெனாவ்: இடிபாடுகளைப் படிப்பது எப்படி

நுழைவாயிலில் உள்ள கழிவறையைப் பயன்படுத்திவிட்டு உள்ளே போங்கள். திரும்பி வர வெகு தூரம்.

உள்ளே நுழைந்ததும் வயல்வெளியில் வரிசை வரிசையாகச் செங்கல் புகைபோக்கிகள் நிற்கும். ‘இத்தனை எரிகூடமா!’ என்று திகைக்காதவர் இல்லை. அவை மரக்குடில்களுக்குள் இருந்த கணப்படுப்பின் புகைபோக்கிகள். வீடில்லாத மக்களுக்குக் கட்டுமானத்துக்குத் தேவைப்பட்டதால், போருக்குப் பின் மரப்பலகைகளைப் பெயர்த்துவிட்டார்கள். செங்கல் மட்டும் நின்றுவிட்டது. வாயிலுக்கு அருகே மறுபடி நிறுத்தி வைத்த சில குடில்கள் உண்டு. 52 குதிரைகளுக்கான லாய வடிவம்; அதில் 400-க்கும் மேற்பட்டவர்களை அடைத்தார்கள்.

பிறகு தண்டவாளத்தை ஒட்டி நடங்கள். தண்டவாளத்தின் மேல் ஏறிச் சமநிலை பார்த்துப் படமெடுக்காதீர்கள். 2019-இல் நினைவிடமே வெளிப்படையாகக் கேட்டுக்கொள்ளும் அளவுக்கு அது பெருகிவிட்டது. முகாமுக்குள் வரும் இந்த ரயில் மேடை 1944 மே மாதத்தில்தான் செயல்பாட்டுக்கு வந்தது, ஹங்கேரிய ரயில்களுக்காக. அதற்கு முன் வந்தவர்கள் இரண்டு முகாம்களுக்கும் இடையே வேறொரு மேடையில் இறங்கினார்கள்.

மேடையில் பெரிதாக்கிய படங்களை வைத்திருக்கிறார்கள். பெண்களும் குழந்தைகளும் வரிசையில் நிற்கிறார்கள், யார் வேலைக்கு, யார் சாவுக்கு என்று பிரிக்க ஒரு அதிகாரி கையை நீட்டுகிறார். இந்தப் படங்களை எடுத்தது எஸ்.எஸ். படையினர். ஆகவே அவற்றில் அடி இல்லை, கதறல் இல்லை; வேலை ஒழுங்காக நடக்கிறது என்று காட்ட எடுத்தவை. படத்தின் முன் நின்று, காமிராவைப் பிடித்தவன் எங்கே நின்றிருப்பான் என்று யோசியுங்கள். அதே மேடையில்தான் நீங்களும் நிற்கிறீர்கள்.

இதற்கு எதிரான நான்கு படங்கள் எடுக்கப்பட்ட இடம் வளாகத்தின் கடைக்கோடியில், ஐந்தாம் எரிகூடத்தின் இடிபாட்டருகே இருக்கிறது. அந்தப் படங்கள், பிணங்களை எரிக்க வைக்கப்பட்ட சோண்டர்கொமாண்டோ கைதிகள் 1944 ஆகஸ்டில் ஒளித்து எடுத்தவை. படம் சாய்ந்திருக்கும், கலங்கியிருக்கும், ஒன்றில் மரக்கிளை மட்டுமே இருக்கும். பிடிபட்டால் சாவு என்ற நிலையில் கையை மறைத்து எடுத்தால் அப்படித்தான் வரும். பற்பசைக் குழாய்க்குள் வைத்து வெளியே கடத்தினார்கள். பொதுச் சுற்று பெரும்பாலும் இவ்வளவு தூரம் வருவதில்லை. பிர்கெனாவில் சுற்று முடிந்தபின் நீங்கள் அங்கேயே தங்கிச் சுற்றலாம். நான் மிச்சம் வைக்கச் சொன்ன தெம்பு இதற்காகத்தான்.

தனியே நடக்கும்போது வரிசை இப்படி இருக்கட்டும்: ரயில் மேடை முடியும் இடத்தில் இரண்டாம், மூன்றாம் எரிகூட இடிபாடுகள். ஆடை களையும் அறைக்கு இறங்கும் படிகள் இன்னும் தெரிகின்றன. 1945 ஜனவரியில் ஓடுவதற்கு முன் தடயத்தை அழிக்க எஸ்.எஸ். படையே வெடிவைத்தது. நான்காம் எரிகூடம் அப்படி அழியவில்லை. 1944 அக்டோபர் 7 அன்று சோண்டர்கொமாண்டோ கைதிகள் கிளர்ந்தெழுந்து அதற்குத் தீவைத்தார்கள். இந்த வேறுபாடு தெரிந்தால் ஒரே மாதிரி தெரியும் செங்கல் குவியல்கள் இரண்டு வேறு கதைகளைச் சொல்லும்.

அங்கிருந்து ‘சாவ்னா’ எனப்படும் குளியல் கட்டடம். உள்ளே கடைசி அறையில், பெஞ்சின், சோஸ்னோவியெட்ஸ் ஊர் யூதர்கள் பெட்டியில் எடுத்து வந்த குடும்பப் படங்கள் இருக்கின்றன: கல்யாணம், பள்ளிக்கூடம், சைக்கிளோடு நிற்கும் இளைஞர்கள். நாள் முழுக்கச் சாவையே பார்த்துவிட்டு இவர்கள் வாழ்ந்த விதத்தைப் பார்க்கும் ஒரே இடம் இது. இதைக் கடைசிக்கு வைப்பது வேண்டுமென்றேதான்.

இடிபாடுகள்மீது ஏறாதீர்கள். குளங்களைச் சுற்றிப் பேச்சைக் குறையுங்கள். சாம்பலைக் கொட்டிய இடங்கள் அவை. செல்ஃபியை நான் தடுக்கமாட்டேன், ஆனால் கூட வந்தவர் எடுத்தால் தள்ளி நின்றுகொள்வேன்.

10. ஊருக்குள் ஒரு மணி நேரம்

நேரம் இருந்தால் ஒஷ்வியெஞ்சிம் ஊருக்குள் போங்கள். போருக்கு முன் இந்த ஊரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் யூதர்கள். மிஞ்சிய ஜெபாலயம் ஒன்றும் அதை ஒட்டி ஒரு சின்ன அருங்காட்சியகமும் உள்ளன. சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள் என்பதால் அன்றைக்கு இதைத் திட்டத்தில் வைக்காதீர்கள்.

11. அன்று இரவும் அடுத்த வாரமும்

அன்று இரவுக்கு விருந்து, கச்சேரி, விமானம் எதுவும் வைக்காதீர்கள். தூங்கும் முன் பார்த்ததில் மூன்றை மட்டும் எழுதிவையுங்கள்: ஒரு பொருள், ஒரு இடம், பதில் கிடைக்காத ஒரு கேள்வி. உணர்ச்சியை எழுத முயன்றால் வழக்கமான வாசகங்கள்தான் வரும். பொருளை எழுதினால் பிறகு படிக்கும்போது அது தன்னால் பேசும்.

ஈழத்திலிருந்து வந்து ஐரோப்பாவில் வாழும் நம்மவர்களுக்கு இங்கே நிற்கும்போது சொந்த இழப்புகள் எழுந்து வரும். அது இயல்பு. ஒப்பிட்டுப் பேசுவதை மட்டும் ஒரு நாள் தள்ளிப்போடச் சொல்வேன். அங்கேயே ஒப்பிட ஆரம்பித்தால் எதிரே இருப்பதைப் பார்ப்பது நின்றுவிடுகிறது. நம் கதையையும் முழுசாகச் சொல்ல முடிவதில்லை.

அடுத்த வாரம், பெட்டியில் படித்த பெயரை யாத் வஷேமின் இணையப் பெயர்த் தொகுப்பில் தேடுங்கள். உறவினர்கள் நிரப்பிக் கொடுத்த சாட்சிப் படிவங்களும் சில வேளை படமும் கிடைக்கும். ஜெர்மனியின் ஆரோல்சன் ஆவணக் காப்பகத்தில் முகாம் அட்டைகளும் நாடுகடத்தல் பட்டியல்களும் இணையத்திலேயே திறந்திருக்கின்றன. ஒரே பெயரைப் போலிஷ், ஜெர்மன், ஹங்கேரிய முறைகளில் வெவ்வேறு எழுத்தில் பதிந்திருப்பார்கள். முதல் தேடலில் வரவில்லை என்றால் பெயரின் பாதியையும் பிறந்த ஆண்டையும் கொடுத்துப் பாருங்கள். அதுவும் பிடிபடாவிட்டால் ஊரின் பெயரை வைத்துத் தேடி, பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போங்கள்.